தூங்கிப்போன அலாரம்

பள்ளியிலிருந்து வந்த நேரம் முதல் ஜோபின் தொப்பியைக் கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் தொப்பி தலையில் இருந்தது. கட்டிலுக்கு அடியில் உருண்டு போன பென்சிலை எடுக்கத் தவழ்ந்தபோதும் இருந்தது.

“டூர் நாளைக்குத்தானேடா? இன்னைக்கே எதுக்குத் தொப்பி?” என்று கேட்டாள் அலினா.

“பழகிக்கிறேன்க்கா,” என்றான் ஜோபின்.

அவனுக்கு ஏழு வயது. மறுநாள் காலை அவனுடைய இரண்டாம் வகுப்பு முழுவதும் பஸ்ஸில் ஏறி காத்ரஜ் மிருகக்காட்சிசாலைக்குப் போகிறது. அங்கே வெள்ளைப் புலி இருக்கிறது. அதைப் பற்றியே பேசிக்கொண்டு அவன் சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தான்.

அலினாவும் உட்காரவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள், ஜன்னலுக்கும் வாசலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். அம்மா இன்னும் வரவில்லை.

அவர்கள் வீடு புனேயில், கோர்படி ரயில்வே காலனியில், முதல் மாடியில் இருந்தது. அப்பா சிரில் சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்த்தார். அன்று அவர் சோலாப்பூர் பக்கம் போயிருந்தார். அம்மா ஜெனிபர் விமான் நகரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்ததும் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏட்டி அலினா, அப்பாவோட பழைய போன் எங்க கிடக்கு? சீக்கிரம் எடு. சுமேதா மிஸ் போன் பண்ணிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“அலாரம் இருந்தா கூட்டிட்டுப் போறோம். இல்லன்னா இவனை அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டாங்க. எட்டு மணிக்குள்ள பதில் வேணுமாம்.”

ஜோபினின் நடை நின்றது.

விஷயம் இதுதான். ஜோபினின் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. அதனால் தினமும் ஊசி போட வேண்டும். ஓடி ஆடினாலோ, சாப்பாடு தாமதமானாலோ, சில நேரம் அவன் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுங்கும். கண் இருட்டும். உடனே ஜூஸ் குடித்தால் சரியாகிவிடும். குடிக்காவிட்டால் ஆபத்து. ஒரு தடவை விளையாட்டு வகுப்பில் அவன் அப்படியே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்று அவனுடைய வகுப்பு ஆசிரியை சுமேதா மிஸ்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அவன் மேல்கையில் ஒரு சிறிய வட்டமான சென்சார் ஒட்டியிருக்கும். சர்க்கரை எவ்வளவு என்று அது போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கினால் போனில் இருக்கும் ஆப் அலாரம் அடிக்கும். ஒரு சென்சார் ஒரு போனோடுதான் பேசும். இதுவரை அது அம்மாவின் போனோடு பேசியது. அன்று சென்சாரை மாற்ற வேண்டிய நாள். புதிய சென்சாரை அப்பாவின் பழைய போனோடு சேர்த்துவிட்டால், அந்த போனை மிஸ் தன் பையில் வைத்துக்கொள்ளலாம். அம்மா தன் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. பழைய போன்தான் ஒத்துழைக்கவில்லை.

அலமாரியில் பல மாதங்கள் கிடந்த போன் அது. சார்ஜரில் போட்டதும் மெதுவாக உயிர் வந்தது. அலினா வைஃபையை இணைத்தாள். ஆப் இறக்கும் பிளே ஸ்டோரைத் திறந்தாள். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, “இணைப்பு இல்லை” என்று வந்தது.

“நெட் இருக்கே!” என்றாள் அலினா. “அம்மா போன்ல எல்லாம் ஓடுதே!”

மறுபடி திறந்தாள். மறுபடி அதே வட்டம். போனை அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே.

“நான் ஆஸ்டின் அண்ணனைக் கூட்டிட்டு வாரேன்,” என்று சொல்லிவிட்டு ஜோபின் தொப்பியோடு கீழே ஓடினான்.

ஆஸ்டின் கீழ் வீட்டில் இருந்தான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. காலனியில் யாருடைய டிவி, யாருடைய போன் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் சலிக்காமல் வருவான்.

“குடு, குடு. இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று போனை வாங்கிக்கொண்டான். “முதல்ல ஒரு மேஜிக் பாருங்க. எல்லா ஆண்ட்ராய்டு போன்லயும் ஒரு ரகசிய அறை இருக்கு.”

செட்டிங்ஸில் எங்கோ ஆழத்தில் போய், ஒரே வரியின் மேல் டக் டக் டக்கென்று விரலால் தட்டினான். “நீங்கள் இப்போது டெவலப்பர்!” என்று போன் அறிவித்தது.

ஜோபின் வாயைப் பிளந்தான். “அக்கா! நாம டெவலப்பர் ஆயிட்டோமா?”

“ஆயிட்டோம்,” என்றான் ஆஸ்டின் பெருமையாக.

“அப்ப ஆப் வந்துருமா அண்ணா?” என்று அலினா கேட்டாள்.

ஆஸ்டின் அந்த ரகசிய அறைக்குள் மேலும் கீழும் போய்ப் பார்த்தான். அங்கே நிறைய சுவிட்சுகள் இருந்தன. எதுவும் பிளே ஸ்டோரை எழுப்பவில்லை.

“இது வேலைக்கு ஆவாது,” என்று தலையைச் சொறிந்தான். “வேற வழி இருக்கு. இந்த ஆப்பை வேற ஒரு சைட்ல யாரோ போட்டிருப்பாங்க. அங்கிருந்து இறக்கி நேரா போட்டுடலாம். தெரியாத இடத்துலருந்து போட அனுமதி குடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அதை ஆன் பண்ணா போதும். ரெண்டு நிமிஷம்.”

அவன் விரல் அந்தச் சுவிட்சுக்குப் போய்விட்டது.

“இருங்க அண்ணா,” என்றாள் அலினா. “அந்த சைட்ல போட்டது யாரு?”

“யாராவது இருக்கும்.”

“அவங்க ஆப்புக்குள்ள எதையாவது மாத்தியிருந்தா?”

“மாத்த மாட்டாங்க... பெரும்பாலும்.”

அலினா தம்பியைப் பார்த்தாள். “இது கேம் இல்லையே அண்ணா. இது தப்பான நம்பர் காட்டினா? இவனுக்கு சர்க்கரை இறங்கும்போது எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா?”

ஆஸ்டினின் விரல் அப்படியே நின்றது. பிறகு போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

“சரியாத்தான் சொல்றே. வேண்டாம். உண்மையான இடத்துலருந்தே வரட்டும். ஆனா அந்தக் கதவு ஏன் திறக்கலன்னு எனக்குப் புரியல.”

மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெளியே ஒரு ரயில் போனது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, “ஆச்சா? ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜோபின் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பான். போனின் திரையையும் படித்தான்.

“அக்கா, இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமையா?”

“வியாழக்கிழமைடா. நீதானே ஸ்கூல் போயிட்டு வந்தே?”

“இதுல சண்டேன்னு போட்டிருக்கே.”

அலினா குனிந்து பார்த்தாள். ஞாயிறு என்று மட்டுமல்ல, ஜனவரி என்றும் போட்டிருந்தது. தேதியைத் தொட்டு ஆண்டைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஜோபின், இந்த போன் கணக்குப்படி நீ இன்னும் பொறக்கவே இல்லடா!”

ஆஸ்டின் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அரே! பேட்டரி சுத்தமாத் தீர்ந்து கிடந்ததுல தேதி பின்னால போயிருக்கு. தேதி தப்பா இருந்தா பிளே ஸ்டோர் நம்பாது. இது எனக்குத் தெரியும். ஆனா பாக்கலியே!”

அலினா தேதியைச் சரி செய்தாள். பிளே ஸ்டோர் கதவு உடனே திறந்துகொண்டது. ஆப்பின் பெயரைத் தேடி, நிறுவு என்ற பொத்தானைத் தொட்டாள்.

“பெண்டிங்” என்று வந்தது. அதாவது, வரிசையில் நில்.

“இன்னும் என்ன?” என்று அலினா தரையில் காலை உதைத்தாள்.

வரிசையில் வேறு பல ஆப்புகள் முன்னால் நின்றன. பல மாதம் தூங்கிய போன் அல்லவா? விழித்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பித்துக்கொள்ளப் பார்த்தது. அலினா அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். இப்போது அவர்களுடைய ஆப் முன்னால் வந்தது. பாதி இறங்கியது. பிறகு, “இடம் போதவில்லை” என்றது போன்.

இடத்தை எல்லாம் அப்பாவின் வீடியோக்கள் பிடித்துக்கொண்டிருந்தன. திறந்து பார்த்தால், ஒரே சுரங்கப் பாதை. ரயில் உள்ளே போகிறது. வெளியே வருகிறது. அடுத்த வீடியோவிலும் அதே சுரங்கம்தான். மழையில் ஒன்று. வெயிலில் ஒன்று. பனியில் ஒன்றுமே தெரியாமல் ஒன்று.

“அழிச்சிரு,” என்றான் ஜோபின்.

“அப்பாகிட்ட கேக்காமலா?”

அலினா அம்மாவின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் கிடைத்தார். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

“அப்பா! ஒங்க பழைய போன்ல இருக்கிற சுரங்கம் வீடியோவெல்லாம் வேணுமா?”

“எந்தச் சுரங்கம்மா?”

“எல்லாமே ஒரே சுரங்கம் மாதிரிதான் இருக்கு.”

“ஒரே சுரங்கமா?” அப்பாவின் குரலில் வருத்தம் தெரிந்தது. “நல்லாப் பாரு, ஒவ்வொண்ணும் வேற வேற... சரி, எதுக்குக் கேக்கே?”

அலினா சொன்னாள். அடுத்த நொடியே அப்பா, “அழிச்சிருட்டி. மொத்தத்தையும் அழிச்சிரு. சுரங்கம் எங்கயும் போயிராது, நாளைக்குப் போயி மறுபடி எடுத்துக்கிடுதேன். தம்பி டூருக்குப் போணும்லா?” என்றார்.

வீடியோக்கள் போயின. ஆப் முழுதாக இறங்கியது. அம்மா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, புதிய சென்சாரை ஜோபினின் மேல்கையில் ஒட்டினார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். “ஆச்சு” என்றதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். சென்சார் தயாராகச் சற்று நேரம் எடுத்தது. பிறகு போனில் எண் வந்தது. சரியான, அமைதியான எண்.

ஆஸ்டின் விசில் அடித்தான். ஜோபின் தொப்பியை மேலே தூக்கிப் போட்டான்.

“இருங்க,” என்றாள் அலினா. “அலாரம் அடிக்குதான்னு பாக்கணுமே.”

அதற்கு ஒரு வழி இருந்தது. சென்சார் போனை விட்டு ரொம்பத் தூரம் போய்விட்டால், சற்று நேரத்தில் ஆப் அலறும். அதனால் அம்மா ஜோபினைக் கூட்டிக்கொண்டு காலனியின் மறு கோடிக்கு நடந்தார். அலினா போனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். திரை இருண்டது.

அலினா எழுந்து நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். சமையலறைக் குழாய் சொட்டுவது கூடக் காதில் விழுந்தது. போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இந்நேரம் அடித்திருக்க வேண்டும். எப்போதோ அடித்திருக்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் போனை எடுத்துத் திரையைத் தொட்டாள்.

வீ... வீ... வீ... என்று போன் அலறியது. அலினா அதைக் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டாள்.

அம்மாவும் ஜோபினும் திரும்பி வந்தார்கள். “சத்தம் வந்துச்சா?” என்று வாசலிலேயே கேட்டான் ஜோபின்.

“வந்துச்சு. ஆனா நான் தொட்டதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்ததிலிருந்து அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

“அப்ப வேண்டாம்,” என்றார் மெதுவாக. “மிஸ் பைக்குள்ள இருக்கிற போனை யாரு தொட்டுத் தொட்டுப் பாக்கப் போறா? நான் மிஸ்கிட்ட இவன் வரலன்னு சொல்லிருதேன். ஏல ஜோபின், அடுத்த வருஷம் நம்ம எல்லாருமா போவோம், என்ன?”

ஜோபின் அழுவான் என்று அலினா எதிர்பார்த்தாள். அவன் அழவில்லை. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். டூர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தான்.

“பரவால்லக்கா,” என்றான். “அது பைக்குள்ள கத்துனா எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. புலி வேற பயந்துரும்.”

அலினா ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தாள்.

“அம்மா, மிஸ்ஸுக்கு இப்பப் போன் பண்ணாதீங்க. எட்டு மணிக்குத்தானே சொல்லணும்?”

“இன்னும் என்னட்டி பண்ணப் போறே?”

அலினாவுக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. தொட்டதும் ஏன் அலறியது? ஆப்புக்கு அலறத் தெரிகிறது. இருட்டில் மட்டும் ஏன் அலறவில்லை?

“ஆஸ்டின் அண்ணா, திரை இருட்டானதும் போன் தூங்கிடுதா?”

“ஆமா. பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும்.”

“அப்ப கூடவே ஆப்பும் தூங்கிப்போகுது. நான் தொட்டதும் ரெண்டும் முழிச்சிருக்கு.”

“ஆனா உங்க அம்மா போன்ல மட்டும் இவ்வளவு நாளா அது தூங்கலியே?”

அலினா அவனைப் பார்த்தாள். அவன் அலினாவைப் பார்த்தான்.

“அம்மா, உங்க போனைக் குடுங்க!”

அம்மாவின் போனில் அந்த ஆப்பை ஏற்றித் தந்தது ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு, பகல், திரை இருட்டு என்று எதையும் பார்க்காமல் அது சரியாக அடிக்கும். அலினா இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் செட்டிங்ஸைத் திறந்தாள். அம்மா போனில் ஒரு வரியைப் படித்தாள். அப்பா போனில் அதே வரியைத் தேடிப் படித்தாள்.

சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். புளூடூத் ஒன்றுதான். அறிவிப்பு அனுமதி ஒன்றுதான்.

“ஒண்ணும் வித்தியாசம் இல்லியே,” என்று ஆஸ்டின் எட்டிப் பார்த்தான்.

“இன்னும் கீழ இருக்கு அண்ணா.”

கடிகாரம் ஏழைத் தாண்டிவிட்டது. அம்மா சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றார். ஜோபின் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆப்பின் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய வரி, பேட்டரி. அம்மாவின் போனில் அதன் கீழே ‘தடையில்லை’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அப்பாவின் போனில் ‘மிச்சம் பிடி’ என்று இருந்தது.

“இதான்!” என்று கத்தினாள் அலினா. “ரகசிய அறையெல்லாம் இல்ல. இங்கயே இருக்கு. யாரும் கீழ வரை வந்து பாக்கல!”

‘தடையில்லை’ என்று மாற்றினாள். ஆனாலும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. இதே மாதிரி இன்னொன்றும் எங்காவது ஒளிந்திருந்தால்? செட்டிங்ஸின் உச்சியில் தேடும் கட்டம் ஒன்று இருந்தது. அதில் பேட்டரி என்று தேடினாள். அப்பாவின் போனில் மட்டும் இன்னொரு பக்கம் வந்தது. திரை இருண்டதும் பின்னால் ஓடும் ஆப்புகளை மூடிவிடும் சுவிட்ச் அது. அந்தப் பட்டியலில் அவர்களுடைய ஆப்பும் மாட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடுவித்தாள்.

“சலோ, மறுபடி டெஸ்ட்!” என்றான் ஆஸ்டின். “ஜோபின், ஓடு!”

ஜோபின் நகரவில்லை. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டான்.

“நான் வரல. நான் போயிட்டு வந்தா மறுபடி வேலை செய்யலன்னு சொல்வீங்க.”

அலினா அவன் அருகில் உட்கார்ந்தாள். “சரி, நீ போக வேண்டாம். நீ இங்கயே இரு. போன் போகட்டும்.”

“போன் எப்படிப் போகும்?”

“ஆஸ்டின் அண்ணா ஸ்கூட்டர்ல போகும்.”

ஜோபினுக்கு அது பிடித்திருந்தது. பிடியை விட்டான்.

ஆஸ்டின் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “தொடவே கூடாது அண்ணா. எட்டிக்கூடப் பாக்கக் கூடாது,” என்று அலினா படி வரை பின்னால் போய்ச் சொன்னாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டிப் போனது.

மூவரும் அம்மாவின் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுப்பில் ஒரு சப்பாத்தி கருகும் வாசனை வந்த பிறகுதான் அம்மாவுக்கு அடுப்பு நினைவு வந்தது. அலினா நகத்தைக் கடித்தாள். ஜோபின், “அடிச்சிருக்குமா? இப்ப அடிச்சிருக்குமா?” என்று கேட்டான். ஒரு ரயில் போனது. அது முடிந்து இன்னொரு ரயிலும் போனது.

அம்மாவின் போன் மணி அடித்தது. அலினா பாய்ந்து எடுத்தாள். எதிர்ப் பக்கம் ஒரே கூச்சல். யாரோ மராத்தியில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அலினா!” ஆஸ்டின் கத்தினான். “இது போனா, ஆம்புலன்ஸா? வடாபாவ் கடையில நின்னுட்டு இருக்கேன். சட்டைக்குள்ள இருந்து திடீர்னு அலறுது! கடைக்காரர் கையில இருந்த வடை எண்ணெய்ச் சட்டியிலயே போயி விழுந்துருச்சு!”

“நீங்க தொட்டீங்களா அண்ணா?”

“சத்தியமா தொடலை! ரெண்டு கையிலயும் வடாபாவ் இருந்துச்சு!”

ஜோபின் வீட்டைச் சுற்றி ஓடத் தொடங்கினான். அம்மா அலினாவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மாவெல்லாம் அவள் முடியில் ஒட்டிக்கொண்டது. பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சுமேதா மிஸ்ஸுக்கு போன் செய்தார். எட்டு மணிக்குச் சற்று முன்னால்தான்.

மறுநாள் அலினாவுக்குப் பள்ளியில் எதுவும் ஓடவே இல்லை. கணக்கு வகுப்பில் கோணத்தை அளக்கச் சொன்னால் அவள் ஜன்னலைப் பார்த்தாள். மிஸ் போனை எங்கே வைத்திருப்பார்? சார்ஜ் இருக்குமா? ஜூஸ் பாக்கெட்டை வெளிப்பையில் வைத்தோமா, உள்பையில் வைத்தோமா? சாப்பாட்டு மணி அடித்தபோது அதை அலாரம் என்று நினைத்துத் தூக்கிவாரிப் போட்டது.

மாலையில் டூர் பஸ் காலனி வாசலுக்கு வருவதற்கு முன்பே அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவும் வேலையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து முதலில் சுமேதா மிஸ் இறங்கினார். போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஹிந்தியில் படபடவென்று பேசினார்.

“அப்பப்பா! இந்தப் பையன் நல்லாத்தான் ஓடிட்டு இருந்தான். முகத்துல ஒண்ணுமே தெரியல. திடீர்னு என் பை அலறுது! பார்த்தா நம்பர் இறங்கிட்டே இருக்கு. உடனே உட்கார வெச்சு ஜூஸ் குடுத்தேன். நம்பர் மெதுவா ஏறின பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அது மட்டும் கத்தலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அலினா பின்னால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஜோபின் குதித்து இறங்கினான். “அக்கா! அக்கா! புலி கூண்டுகிட்ட நிக்கும்போதுதான் கத்துச்சு!”

“எல்லாரும் சிரிச்சாங்களா?” என்று அலினா தயங்கிக் கேட்டாள்.

“யாரு சிரிச்சா? நாங்க போகும்போது புலி தூங்கிட்டு இருந்துச்சு. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. எங்களுக்கு முன்னாடி வந்த ஸ்கூல் பசங்க கையைத் தட்டிப் பாத்தாங்க, கூப்பிட்டுப் பாத்தாங்க. அது அசையவே இல்ல. அவங்க போயிட்டாங்க. அப்புறம் மிஸ் பை கத்துச்சா, புலி தலையைத் தூக்கி நேரா எங்களைப் பாத்துச்சு! நான் உட்கார்ந்து ஜூஸ் குடிச்சேனா, அதுவும் உட்கார்ந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சு. எங்க கிளாஸ் மட்டும்தான் புலி மூஞ்சியைப் பாத்தோம். எல்லாரும் எனக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க!”

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிஸ்ஸும் சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் ஜோபின் புலி எப்படிக் கொட்டாவி விட்டது என்று காட்டத் தொடங்கினான். இரண்டாவது கொட்டாவி உண்மையான கொட்டாவியாகிவிட்டது. சோபாவில் சாய்ந்தவன் ஷூவோடு தூங்கிப்போனான். அம்மா அவன் ஷூவைக் கழற்றினார். அலினா போனைப் பார்த்தாள். எண் அமைதியாக நின்றது. அவள் திரையை அணைத்து, போனைத் தம்பியின் தலைமாட்டில் வைத்தாள்.

கீழே மைதானத்தில் பிள்ளைகள் லகோரி ஆடும் சத்தம் கேட்டது. அடுக்கிய ஓடுகள் சரிந்தன. “அலினா! ஒரு ஆள் குறையுது, வர்றியா?” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“வந்துட்டேன்!” என்று கத்திக்கொண்டே, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், அலினா படிகளில் இறங்கி ஓடினாள்.